பிக்குவுக்கு நான் சொல்லிக்கொடுத்த தமிழ்

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் தெரு முழுக்கப் பௌத்தம் தழுவியிருந்தது. தெருக்கோடியில் ஓடு வேய்ந்த ஒற்றைக் கூடம்தான் விகாரை. அதில் இரண்டு பிக்குகள். பெரியவர் பாளையங்கோட்டைக்காரர். சின்னவர் அருணாச்சலப் பிரதேசத்திலிருந்து வந்தவர். என் அத்தை அதைத் திருவண்ணாமலை என்று எண்ணிக்கொண்டு வெகுநாள் அவரிடம் கிரிவலம் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது பெரியவர் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக மதுரைக்குப் போனார். விகாரைப் பொறுப்பு முழுவதும் சின்னவர் தலையில் விழுந்தது. காலையில் பாத்திரம் ஏந்தி வீடுவீடாக வருவார். உச்சிப்பொழுதுக்கு முன் உண்டுமுடிப்பார். பிற்பகலில் குழாயடிச் சண்டைகளைத் தீர்த்துவைப்பார். சாயங்காலம் விளக்கேற்றிப் பஞ்சசீலம் சொல்லுவார். பாலி அவர் வாயில் ஆற்றுத் தண்ணீர்போல ஓடும், தமிழ்தான் நொண்டும்.

“மரியாதை பேச… என்ன சொல்லும்?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

“ஆம்பளையாளுன்னா கடைசில ‘லே’ போட்டாப் போதும் சாமி” என்றேன். எனக்குச் சிரிப்பு முட்டியது.

அன்றிலிருந்து பால்காரர், தபால்காரர் எல்லாருக்கும் ‘லே’ விழுந்தது. தெருவே ரசித்தது. யாரும் திருத்தவில்லை.

புத்தர் பிறந்தநாளான வைகாசிப் பௌர்ணமி வந்தது. ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்கும் விகாரைக்கும் வழி, தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் வரப்பு மேல்தான். அவர் நினைத்தால் ஒரு கட்டு முள்ளை வெட்டிப்போட்டு அடைத்துவிடலாம். அதனால் விழாவுக்கு அவரையும் அழைத்திருந்தார்கள். விகாரைச் செயலாளரான என் அப்பா, வெளியூர் விருந்தினர்களுக்கு முன்னால் அவருக்கென்று தனி நாற்காலி போட்டிருந்தார்.

தோப்புக்காரர் வந்ததும், “ஏலே, சேர் எங்கலே போட்டிருக்க?” என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா அவரைவிடப் பத்து வயது மூத்தவர். “இந்தா இருக்குய்யா” என்று துண்டால் நாற்காலியைத் துடைத்தார்.

அப்போது சின்னவர் முகமெல்லாம் மலர்ந்து எழுந்து வந்தார். “ஏலே, வாலே! இங்கன இருலே!” என்றவர், ஒரு தாமரையை எடுத்து நீட்டினார். “இந்தாலே, புத்தர் பாதத்துல வையி.”

நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். தோப்புக்காரரின் காது மடல் சிவந்தது. அப்பா பதறியடித்துக்கொண்டு, “ஐயா, தப்பா எடுத்துக்கிடாதிய. சாமிக்குத் தமிழ் வராது” என்றார். வெளியூர்க்காரர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தோப்புக்காரர் அந்தக் கைப்பேசிகளைப் பார்த்தார். பிறகு பூவை வாங்கி வைத்துவிட்டு, “சாமி வெளியூருல்லா” என்று தானே சிரித்தபடி உட்கார்ந்தார். பானகம் இரண்டு டம்ளர் குடித்தார். பாதையை யாரும் அடைக்கவில்லை.

அன்று மாலை விகாரைக்கு ஓடிப்போய், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “லே மரியாதை இல்ல சாமி. ‘வாங்க’ன்னு சொல்லணும், ‘அண்ணாச்சி’ன்னு சொல்லணும். நான்தான் பொய் சொன்னேன்.”

“அப்படியா?” என்று கண்ணை அகல விரித்தார். திட்டவில்லை. கையில் ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலை பாத்திரத்தோடு எங்கள் வாசலில் நின்றார். சோறு எடுத்துவந்த அப்பாவைப் பார்த்து, “அண்ணாச்சி, நல்லா இருக்கியளா? நேத்து ரொம்ப அலைஞ்சிட்டிய. கால் வலி தேவலையா?” என்றார். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. எங்கள் ஊர்க்காரரே அப்படிப் பேசமாட்டார்.

அப்பா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னவர் அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அப்பா எதற்காக அழுதார் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு இருந்ததெல்லாம் பெருமைதான். ஒரே ராத்திரியில் ஒருவருக்கு இவ்வளவு தமிழ் கற்றுக்கொடுத்துவிட்டேனே என்று அன்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.