சாவிக்காரி குறைத்த பெஞ்சுகள்

எங்கள் சபைக் கோயிலின் சாவி அவள் கழுத்தில் ஒரு கயிற்றில் தொங்கும். அதனால் எல்லோருக்கும் அவள் சாவிக்காரி. பக்தியால் வந்த பதவி அல்ல. அவள் வீடு கோயிலுக்கு நேர் எதிரே இருந்தது, அவ்வளவுதான். பீடத்தில் ஏறி நிற்கும் ஆட்டை விரட்டுவாள், கூட்டுவாள், மணியடிப்பாள். பிரசங்கம் தொடங்கியதும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவாள். கேட்டால், "போதகர் பேசுறதை ஆண்டவர் ஒருத்தர் கேக்குறாரே, பத்தாதா?" என்பாள்.

அவள் கணவர் மோட்டார் மெக்கானிக். அவளுடைய அண்ணன் ரொட்டிக்கடைக்காரர். மாமன் மச்சான் இருவரும் ஒரு காலத்தில் ஒரே சைக்கிளில் சுற்றியவர்கள்தான். ரொட்டிக்கடையின் மாவு பிசையும் இயந்திரத்தை மெக்கானிக் பழுதுபார்த்துக் கொடுத்தார். மறுநாள் காலை சுவிட்சைப் போட்டதும் அது எதிர்த் திசையில் சுற்றியது. பிசைய வேண்டிய மாவு கம்பியைப் பிடித்து மேலே ஏறி, கடைக்காரரின் முகத்திலும் மீசையிலும் அப்பிக்கொண்டது. ரொட்டி வாங்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வயரை மாற்றிக் கொடுத்தது மாப்பிள்ளை என்றார் அண்ணன். சும்மா கிடந்த வயரை நோண்டியது மச்சான் என்றார் கணவர். அன்றோடு பேச்சு நின்றது. அண்ணன் தங்கை வீட்டுப் படியையும் மிதிப்பதில்லை. அவள் அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், ஒருநாள் இருவருக்கும் சோறு போடாமலும் பார்த்தாள். அண்ணனுக்குச் சோறு போடுவது அண்ணி என்பது பிறகுதான் அவள் நினைவுக்கு வந்தது.

மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். எங்கள் ஆராதனையில் பாவ அறிக்கை முடிந்ததும் பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுத்து "சமாதானம்" சொல்ல வேண்டும். இந்த இருவரும் முன்னும் பின்னுமாகத் தள்ளி உட்கார்ந்து தப்பித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஆண்கள் பக்கத்துப் பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கின.

நான் சபையின் செயலாளர். கேட்காமல் இருக்க முடியுமா?

"கரையான் அரிச்சிருச்சுங்க" என்றாள்.

"போன வாரம் நான் உக்காந்த பெஞ்சும்மா அது. கல்லு மாதிரி இருந்துச்சு."

"பசிச்ச கரையான்ங்க."

அந்தப் பெஞ்சின் மேல் அவள் வீட்டுக் கொல்லையில் கோழிகள் அடைந்திருந்ததை நானே பார்த்தேன். சொத்துப் பதிவேட்டில் "கரையான்" என்றே எழுதினேன். பொய்தான். கோழி என்று எழுதினால் மேலிடம் கேள்வி கேட்கும்.

பெஞ்சு குறையக் குறைய மெக்கானிக் பின்னால் நகர்ந்தார், ரொட்டிக்கடைக்காரர் முன்னால் நகர்ந்தார். கடைசியில் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. வாரத்துக்கு ஒரு முறை கைகொடுத்தார்கள். சொன்னது "சமாதானம்" தான், சொன்ன விதம் "நாசமாப் போ." ஆனாலும் பெண்கள் பக்கமிருந்து சாவிக்காரி அந்த நேரத்தில் மட்டும் நன்றாக விழித்திருப்பாள்.

இந்த நிலையில்தான் கோயிலை மூடிவிட்டு எங்களை டவுன் கோயிலோடு சேர்ப்பது என்று பேச்சு வந்தது. கடைசியாக ஒருமுறை பார்த்து முடிவு சொல்ல வட்டாரத் தலைவர் வந்தார். ஆராதனைக்கு முன்பே வந்து, கூரையைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"டவுன்ல எண்ணூறு பேர் உக்காரலாம்மா. தலைக்கு மேல ஃபேன் ஓடும். நாங்களே பஸ் விடுறோம். இன்னும் என்ன வேணும்?"

"அதாங்க ஐயா வம்பு" என்றாள் சாவிக்காரி. "எண்ணூறு பேர் உக்கார்ற எடத்துல, பிடிக்காதவன் மூஞ்சியைப் பாக்காமலே செத்துப் போயிரலாம். இங்க முடியுமா? மோதித்தான் ஆகணும்."

"கோயில்னா சாமி கும்பிடத்தானேம்மா?"

"அவரு டவுனுக்கு வந்துருவாருங்க. எங்க அண்ணன் எங்க வீட்டுக்காரர் பக்கத்துல வந்து உக்காருவாரா?"

தலைவர் மறுபடி கூரையைப் பார்த்தார். போதகர் அவசரமாகப் பாட்டைத் தொடங்கினார்.

சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. இதுவே கடைசியாக இருக்கலாம் என்பது இருவருக்கும் தெரியும். கடைசி முறை தோற்றுப்போக யாருக்குத்தான் மனம் வரும்? மெக்கானிக் மச்சானின் கையைப் பிடித்து நெரித்தார். இயந்திரம் நின்ற நாளிலிருந்து தினமும் மூட்டை மாவு பிசைந்த கை திருப்பி நெரித்தது. அடுத்த பாட்டு தொடங்கி, ஒரு சரணம் முடிந்து, காணிக்கைப் பையும் அவர்களைத் தாண்டிப் போயிற்று. கை விடவில்லை. இருவர் கண்ணிலும் தண்ணீர்.

அண்ணன் யார், வீட்டுக்காரர் யார் என்று தெரியாத தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்றார்.

"இப்பேர்ப்பட்ட சகோதர அன்பை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இந்தக் கோயிலை மூடுறதுங்கிற பேச்சே இனி வேண்டாம்."

சபைக்கு மொத்தமாக இருமல் வந்தது. போதகர் பைபிளால் முகத்தை மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மெக்கானிக் சுண்டுவிரலைக் காட்டினார். அது மற்ற விரல்களோடு கோபித்துக்கொண்டதுபோல் தனியாக ஒரு பக்கம் பார்த்தது. ஆஸ்பத்திரி டவுனில். வண்டி வைத்திருந்தவர் ரொட்டிக்கடைக்காரர் ஒருவர்தான்.

"ஏறச் சொல்லு" என்றார் அவர், தங்கையிடம்.

"நடந்தே போறேன்னு சொல்லு" என்றார் இவர், மனைவியிடம்.

அவள் கணவரை உள்ளே தள்ளி, தானும் இருவருக்கும் நடுவில் ஏறிக்கொண்டாள். இந்தச் சகோதர அன்பைப் பற்றித் தலைவருக்கு அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு இருந்ததால், பின்னால் காலி ரொட்டித் தட்டுகளுக்கு இடையில் நானும் உட்கார்ந்தேன்.

வண்டி குலுங்கிக் குலுங்கிக் கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு மெக்கானிக்கால் பொறுக்க முடியவில்லை.

"என்ன மச்சான் எஞ்சின் இது? இழுப்பு வந்த கிழவன் மாதிரி இருமுது."

"மாவை மூஞ்சிக்கு ஏத்திவிட்டவர்கிட்ட வண்டியைக் காட்டப் பயமா இருக்கு மாப்பிள."

"வயரைத் தொட்டது நீங்க!"

"யாரு, நானா? தங்கச்சி தலைமேல அடிச்சுச் சொல்லட்டுமா?"

"என் தலையை விடுங்க" என்றாள் சாவிக்காரி. சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஒருவர் பேச்சை முடிக்க மற்றவர் விடவில்லை. டவுன் சாலை பிரியும் இடத்தில் அவள் அண்ணனின் தோளைத் தட்டினாள்.

"அண்ணே, ஆத்துப் பக்கமாச் சுத்திப் போ. மெதுவாவே போ."

"அடியே, என் விரல் ஒடஞ்சிருக்கு!" என்று கத்தினார் மெக்கானிக்.

"ஒண்ணுதானே" என்றாள்.