எதிராளி வக்கீலோடு ஒரு டீ

"அந்தாளு கூட உக்காந்து டீ குடிச்சியே, என் கேஸையும் சேத்துக் குடிச்சிட்டியா?"

திருப்பத்தூர் கோர்ட்டு வாசலில் சுந்தரம்மாள் இப்படிக் கேட்டது தன் வக்கீல் மெர்சிலினைப் பார்த்து. அவள் மலையில் கலெக்டரே வந்தாலும் நீ, வா, போதான். புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் இடிபட்டு வந்து இறங்கியவள் கண்ணில் முதலில் பட்டதே இதுதான்: தன் வக்கீலும் புருஷன்காரன் வக்கீலும் ஒரே பெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க கீறது ஒரே டீக்கடைம்மா. அவருக்கு நான் தனியா கடை வெச்சுக் குடுக்கவா?"

"சிரிச்சியே?"

"சிரிச்சேன். உள்ள வாங்க, உங்கள ஒண்ணு கேக்கணும்."

சுந்தரம்மாள் யாரையும் நம்பிப் பிழைத்தவளில்லை. புளி எடை போடுகிறவனின் தராசுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மூட்டையை இறக்குவாள். சாமை விற்கப் போன புருஷன் முனிசாமி வேலூரில் ஒருத்தியோடு தங்கிவிட்டதை ஊருக்குத் தெரியும் முன்பே கண்டுபிடித்ததும் அவள்தான். ஒன்பது வருஷம் எட்டிப் பார்க்காதவன், அவள் தன் நிலத்தில் காங்கிரீட் போட்ட மெத்தை வீடு கட்டி முடித்ததும் பெட்டியோடு வந்து நின்றான். துடைப்பத்தால் விரட்டினாள். அவனோ, பெண்டாட்டி தன்னோடு சேர்ந்து வாழ வேண்டும் என்று கேஸ் போட்டுவிட்டான். போலீசிடம் போனாள். "புருஷன் வூட்டுக்குள்ள வர்றதுக்கு நாங்க இன்னா பண்றது?" என்று அனுப்பிவிட்டார்கள். கேஸில் ஜெயித்தால் அவன் அந்தப் புது வீட்டில் கால் நீட்டிப் படுப்பான். அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் விவாகரத்து வாங்கிக் கொடு என்று மெர்சிலினைத் தேடி வந்தாள்.

மெர்சிலின் அறைக் கதவைச் சாத்தினாள். "பரிசப் பேச்ச மட்டும் எடுக்க வேணாம், சமாதானமா போயிடலாம்னு அவன் வக்கீல் சொல்றாரு. அதுக்குத்தான் சிரிச்சு மழுப்பினேன். இன்னாம்மா அது பரிசப் பேச்சு?"

சுந்தரம்மாள் விருட்டென்று எழுந்தாள். இவளுக்கு எப்படித் தெரிந்தது? விலை போய்விட்டாள், சந்தேகமே இல்லை.

"என் கேஸ் கட்டைக் குடு. நான் வேற வக்கீலப் பாத்துக்கறேன்."

"எடுத்துட்டுப் போங்க." மெர்சிலின் கட்டைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். "என் கட்சிக்காரி கதை எனக்குத் தெரியல, எதிராளி வக்கீலுக்குத் தெரியுது. இத மறைச்சீங்கன்னா எந்த வக்கீலாண்ட போனாலும் தோப்பீங்க."

கட்டின்மேல் கை வைத்தவள் அதை எடுக்கவில்லை. "சொன்னா, தீத்து வெச்சதுக்கு எங்க நாட்டாரப் புடிச்சு உள்ள போட்டுடுவாங்களே?"

பிறகு மெல்ல வாயைத் திறந்தாள். முனிசாமி விட்டுப்போன அந்த வருஷமே ஊர் கூடியது. ஊர்த் தலைவரான நாட்டார் கோபால், வழக்கப்படி துரும்பு கிள்ளிப் போட்டு இருவரின் உறவையும் தீர்த்துவிட்டார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பரிசப் பணத்தை அவள் ஊர் முன்னால் திருப்பிக் கொடுத்தாள். முனிசாமி கை நீட்டி வாங்கிக்கொண்டான்.

மெர்சிலின் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மலை சனங்களுக்கு ஊர் வழக்கப்படி தீர்த்தா அது செல்லும்மா. உங்களுக்கு நான் விவாகரத்து வாங்கவே வேணாம், எப்பவோ ஆயிடுச்சு. நாட்டாரு வந்து நடந்ததச் சொன்னா போதும். ஜெயிலுன்னு எவன் சொன்னான்?"

"அசோக்குமாரு."

"யாரு அவரு?"

"முனிசாமிக்குச் சித்தப்பா மவன்."

சொன்னது அவள் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. தராசுக்கடியில் பார்க்கிறவள் அசோக்குமாரை மட்டும் பார்க்கவில்லை. "என் எதிர்லயே முனிசாமியக் கெட்ட கெட்ட வார்த்தையில திட்டினானே," என்றாள். அவனை நம்ப அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அவன் வாயி வெந்து போவ," என்றாள்.

"என் டீயை சந்தேகப்பட்டீங்க, அவன் திட்டை சந்தேகப்படாம உட்டுட்டீங்களே!"

அடுத்த வாய்தாவுக்கு நாட்டார் வந்தார். கூண்டில் ஏறி நடந்ததை அப்படியே சொன்னார். "கிள்ளிய துரும்பு எங்கே?" என்று முனிசாமியின் வக்கீல் மடக்கினார்.

"கிள்ளிப் போட்டத எவன்யா எடுத்து வெப்பான்?"

ஜட்ஜே குனிந்து சிரித்தார். பரிசம் திரும்பி வந்ததா என்று மெர்சிலின் கேட்டாள். முனிசாமி முதலில் இல்லை என்றான். ஜன்னலுக்கு வெளியே ஊர்க்காரர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் ஞாபகமில்லை என்றான். அவன் மனு தள்ளுபடி ஆனது.

மெர்சிலின் தீர்ப்பைப் படித்துக் காட்டினாள். சுந்தரம்மாள் அதை வாங்கிக்கொண்டு போய் மருந்துக் கடைக்காரரிடம் படிக்கச் சொல்லி நீட்டினாள், பிறகு பஸ் கண்டக்டரிடம். எல்லோரும் ஒன்றையே சொன்ன பிறகுதான் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஒரு டீ குடிக்கலாம் வாங்க," என்றாள் பின்னாலேயே வந்த மெர்சிலின்.

"அந்த வக்கீலும் வருவானா?"

"வருவாரு."

"அப்ப நீயே குடி."

நேராகக் கடைத்தெருவுக்குப் போய்ப் புது வீட்டுக்குப் பூட்டு கேட்டாள். கடைக்காரர் இரண்டு சாவி கொடுத்தார்.

"மூணாவது சாவி யாராண்ட கீது?"

"ரெண்டுதாம்மா வரும்."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பூட்டிப் பூட்டித் திறந்தாள். கடைசியில் இரண்டு சாவியையும் தாலி இல்லாத கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டாள். பித்தளைப் பூட்டு. முந்நூற்று எண்பது ரூபாய்.