9999 விளையாட்டுகள் உள்ள கேசட்

ஓசூர் சிப்காட்டில் பழைய மெஷின்களின் சிப்புகளை, அவை செத்துப்போவதற்குள் கணினியில் நகலெடுத்துத் தருபவர் ஷபானா அக்கா. இன்று அவரிடம் என் பழைய வீடியோ கேம் கேசட்டைக் கொண்டுபோனேன்.

லேபிளில் ‘9999 விளையாட்டுகள்’ என்று போட்டிருந்தது.

நல்லவேளை, சிப்புக்கு இன்னும் உயிர் இருந்தது. நகல் ஏறியதும் அக்கா சிரித்தார்.

“ஏழுதாம்ப்பா இருக்குது. அதையே பேர மாத்தி மாத்தி வெச்சிருக்கான்.”

“அப்ப ஏழுன்னே எழுதிக்கலாங்க்கா.”

“லேபிளையும் போட்டோ எடுத்து அதோட சேத்து வை. பின்னாடி வர்றவங்களுக்கு நாம எப்படி ஏமாந்தோம்னும் தெரியணுமில்ல?”

பழைய கேம்களைப் பாதுகாக்கும் குழுவுக்கு நகல், லேபிள் போட்டோ இரண்டையும் அனுப்பிவிட்டேன்.

உங்கள் கேசட்டுகளையும் தேடி எடுங்கள்.

சின்ன வயதில் நாற்பதாவது கேம் வரை ஆடிப் பார்த்துவிட்டு, புதுசெல்லாம் இனிமேல்தான் வரும் என்று நம்பியவன் நான் மட்டும்தானா?