எல்லாமே கறுப்பு ஒயர்

ஏற்காட்டில் ஒரு ஹோட்டலில் ஜீப் ஓட்டுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் விருந்தாளிகளுக்காகத் தோட்டத்தில் தீ மூட்டுவார்கள். எங்கள் கணக்கர், சேலத்துக்காரர், பாடுவார். நான் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பேன். நான் வாசிப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஹோட்டலில் இருப்பது ஒரே ஸ்பீக்கர் பெட்டி. அவர் மைக்கும் என் கிட்டாரும் அதில்தான். ஒவ்வொரு பாட்டிலும் அவர் கை மெதுவாகப் பின்னால் போய் என் சத்தத்தைக் குறைத்துவிடும். கேட்டால், "பாட்டு கேக்க வேண்டாமுங்களா?" என்பார். 

என் சத்தமும் நாலு பேர் காதில் விழவேண்டும். அதற்காகத்தான் சொந்தமாக ஆம்ப்ளிஃபையர் செய்ய உட்கார்ந்தேன். சர்க்யூட் போர்டு சேலத்தில் வாங்கியது. ஸ்பீக்கர் பழைய டிவியில் கழற்றியது. ஸ்கூட்டர் பேட்டரி, சில்வர் ஓக் மரப் பலகையில் ஒரு பெட்டி. ஒயர், ஹோட்டல் தோட்ட விளக்குக்குப் போட்டதில் மிஞ்சியது. எல்லாமே கறுப்பு.

என் மனைவி பக்கத்து ஊரான நாகலூரில் எங்கள் வீட்டிலேயே துணி தைக்கிறாள். மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, எல்லாம் ஒரே கலரா இருந்தா எது எங்க போவுதுன்னு எப்படிங்க தெரியும்?"

"எனக்குத் தெரியும். நீ ரவிக்கையைத் தை."

தெரியவில்லை. சுவிட்சைப் போட்டேன், சத்தமே இல்லை. போர்டு விற்றவனைத் திட்டித் தீர்த்தேன். பிறகு பார்த்தால், பேட்டரியிலிருந்து சுவிட்சுக்குப் போன ஒயர், போர்டுக்குப் போகாமல் பேட்டரியின் அதே முனைக்குத் திரும்பி வந்திருந்தது. அதைச் சரிசெய்ததும் கொர்ரென்று இரைச்சல். கிட்டார் கம்பியைத் தொட்டால் இன்னும் அதிகம். கடைக்காரனுக்குப் போன் போட்டு நேரடியாகவே திட்டலாம் என்று எடுத்தேன்.

"போனை வெச்சுட்டு இதைப் புடிங்க," என்று மனைவி நூல்கண்டுகளைக் கொண்டுவந்து போட்டாள்.

நான் ஒவ்வொரு ஒயரையும் ஒரு முனையில் இழுத்தேன். மறுமுனையில் எது ஆடுகிறது என்று அவள் பார்த்துச் சொன்னாள். இரண்டு முனையிலும் ஒரே நிற நூலைக் கட்டினோம். பெட்டிக்குள் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் தப்பு தெரிந்தது. கிட்டார் சத்தம் வரும் மஞ்சளும் எர்த்துக்குப் போகும் பச்சையும் இடம் மாறியிருந்தன. மாற்றி, சால்டரிங் அயர்னால் பற்றவைத்தேன். இரைச்சல் நின்றது. கம்பியை மீட்டினேன். கணீரென்று வந்தது.

"இதுதான் கிட்டாருங்களா? இத்தன நாளா சும்மா சொறிஞ்சுக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன்."

வால்யூமை ஏற்றினேன். சத்தம் இறங்கியது. இறக்கினேன். ஜன்னல் அதிர்ந்தது. வால்யூம் திருகின் இரண்டு ஓரத்து ஒயர்களும் இடம் மாறியிருந்தன.

"அதையும் மாத்திருங்க. பத்தவெக்கிறது இன்னும் சூடாத்தானே இருக்குது."

சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் கணக்கரின் கை ஞாபகம் வந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏனுங்க?"

"இது இப்படியே இருக்கட்டும்."

சனிக்கிழமை என் பெட்டியை அவர் கைக்கு எட்டுகிற இடத்திலேயே வைத்தேன். முதல் பாட்டு பாதி தாண்டவில்லை, கை வந்தது. குறைத்தார். கிட்டார் ஏறியது. போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் குறைத்தார். தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் என் பக்கம் திரும்பித் தாளம் போட ஆரம்பித்தார்கள். அவர் மைக்கை மூடிக்கொண்டு குனிந்தார்.

"ஏனுங்க, நான் பாடறது எனக்கே கேக்கலீங்க. கொஞ்சம் கொறைங்களேன்."

"நீங்கதான் கொறைச்சுக்கிட்டே இருக்கீங்களே. இன்னுங் கொஞ்சம் கொறைச்சுப் பாருங்க."

குறைத்தார்.