மாத்திரை நாளும் டீ நாளும்

பதினொரு வருஷமாக, பிழைக்க வந்த இந்த நாட்டில், கிளமெண்டியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. தே சி கோசோங். சர்க்கரை போடாமல் டப்பாப் பால் ஊற்றிய டீக்கு இங்கே அதுதான் பெயர். நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு எதிர் அடுக்குமாடி புளோக்கின் கீழே ஒரு காப்பிக்கடை. அங்கே டீ போடும் சீன ஆன்ட்டி, என் தலை தூண் ஓரமாகத் தெரிந்ததுமே "தே சி கோசோங்!" என்று சத்தம் கொடுத்துவிடுவார். வீட்டில் எனக்கு வைத்த பெயர் அவருக்குத் தெரியாது. அவர் பெயர் எனக்கும் தெரியாது. ஊர் டீக்கடையில் 'இன்னார் மகன்' என்று ஆளைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கிளாஸ் கைக்கு வரும். இங்கே டீயைத் தெரிந்துகொண்டால் போதும். வந்த புதிதில் அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அப்புறம் வசதியாகப் போய்விட்டது.

அப்பேர்ப்பட்ட நான் ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்குப் போய், "ஆன்ட்டி, டுடே லைம்" என்றேன். டீத்தூள் பையைத் தூக்கிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"லைம்? யூ? வொய்?"

"டாக்டர் சே, தே கெனாட்."

டாக்டர் டீ கூடாது என்கிறார் என்பதற்கு மேல் விளக்க என் ஆங்கிலத்தில் சரக்கு இல்லை. ரத்தத்துக்கு மணிக்கட்டைக் காட்டினேன். இரும்புக்கு மேசைக் காலைத் தட்டினேன். ஆன்ட்டியின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "கிட்னி ஆ?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். நம் ஊர்த் தலையாட்டல் அவருக்கு 'ஆமாம்' என்று பட்டிருக்க வேண்டும். கேட்காமலேயே லைம் ஜூஸில் ஒரு உப்புப் பிளம் பழத்தைப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். "டேக் கேர் லா, அங்கிள்." அன்றிலிருந்து அந்தக் கடையில் நான் கிட்னி போன மனிதன்.

உண்மையில் போனது கிட்னி இல்லை, இரும்புச் சத்து. அது எங்கே போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்த ஊரில் நான் செய்து பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே பொதுக்காரியம் ரத்ததானம். சுவா சூ காங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் முகாம் போடுவார்கள். மூன்று மாதம் ஆனதும் முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டிவிடுவேன். முடிந்ததும் பிஸ்கட்டும் மைலோவும் கொடுத்து, "தேங்க் யூ அங்கிள்" என்பார்கள். இந்த நாட்டில் எனக்கு யாராவது தேங்க் யூ சொல்லும் இடம் அது ஒன்றுதான் என்று என் மனைவி மல்லிகா சொல்வாள். கிளம்பும்போது கையில் ஒரு சின்ன பாக்கெட் தருவார்கள். இரும்புச் சத்து மாத்திரை. கொடுத்த ரத்தத்தை உடம்பு திரும்ப உண்டாக்குவதற்காக.

அந்த பாக்கெட்டுகளில் ஒன்றைக்கூட நான் பிரித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் கடைகள் இருக்கும் தேக்காவுக்குப் போவேன். பார்சல் கடைக்காரர் எடை போடும் அட்டைப்பெட்டியில் கோடாலித் தைலம், மைலோ, சோப்பு எல்லாவற்றுக்கும் அடியில் அந்த மாத்திரைகளை வைத்துவிடுவேன். பெட்டி அறந்தாங்கிப் பக்கத்தில் இருக்கும் என் தங்கச்சி கலாவுக்கு. தையல் மெஷினில் உட்கார்ந்து எழுந்தாலே அவளுக்கு மூச்சு வாங்கும். வீடியோவில் பார்த்தால் உதடு வெளுத்துக் கிடக்கும். நாம்தான் ஆம்பளை, ரத்தம் தானாக ஊறிக்கொள்ளும், அவள் சாப்பிடட்டும் என்று ஒரு கணக்கு. வைத்தியம் படித்தவன் யாரும் இப்படிக் கணக்குப் போட மாட்டான். பார்சல் கட்டுகிற நாம் எல்லோரும் போடுவோம்.

போன முறை முகாமில் விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு விரலில் குத்தினார்.

"அங்கிள், டுடே கெனாட். லெவன் பாயிண்ட் சிக்ஸ். நாங்க குடுத்த மாத்திரை சாப்பிட்டீங்களா?"

தமிழ்ப் பெண். பொய் சொல்ல வசதியில்லாத மொழி. இருந்தாலும் சொன்னேன்: "சாப்பிட்டேன்மா."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

டாக்டரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். மைலோ இல்லை, தேங்க் யூ இல்லை. பிஸ்கட் தட்டைக் கடந்து வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

பாலிகிளினிக்கில் இளவயதுச் சீன டாக்டர் அம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். சேமிப்பில் இருக்க வேண்டிய இரும்பும் காலி. ஐம்பது தாண்டிய ஆண் என்பதால் வயிற்றுக்குள் வேறெங்கும் கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பரிசோதனைக்கும் எழுதினார். அந்த 'வேறெங்கும்' என்ற சொல்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. மாத்திரையும் தந்தார்.

அதை நான் எதோடு விழுங்கினேன் என்று கேளுங்கள். தினமும் ஒன்பதரைக்கு, தே சி கோசோங்கோடு. இரண்டு வாரம். வாயில் பழைய பத்துக்காசு நாணயத்தைச் சப்பின ருசி. ரயிலில் குமட்டல். வயிறு வேலைநிறுத்தம். இரண்டாம் வாரக் கடைசியில், நான்கு நாள் கழித்து ஒருவழியாக வேலைநிறுத்தம் முடிந்தபோது, பட்டறைக் கழிப்பறையில் குனிந்து பார்த்தேன். தார் போட்ட ரோடு மாதிரிக் கறுப்பு.

நான் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தினமும் காலையில் நாற்பது பேரை நிற்க வைத்து, "எது நடந்தாலும் பதறாதே. நில். யோசி. அப்புறம் கூப்பிடு" என்று பாடம் எடுக்கிறவன். அந்தப் பாடத்தை எடுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நிற்கவில்லை. யோசிக்கவில்லை. போனில் தேடி, 'உள்ளே ரத்தக்கசிவு' என்ற இரண்டாவது வரிவரை படித்தேன். மூன்றாவது வரிக்கு முன் கலாவுக்கு ஒரு குரல் செய்தி பேசி அனுப்பிவிட்டேன். ஒரு நிமிஷம் நாற்பது வினாடி. "கலா, அண்ணன் சொல்றதைக் கேட்டு அழக்கூடாது. மல்லிகாவைப் பாத்துக்க. ஊர்ல நம்ம பங்கு நிலம் உனக்குத்தான்..." பின்னணியில் யாரோ தண்ணீர் இழுத்துவிட்ட சத்தம் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. பிறகு டாக்சி பிடித்தேன்.

டாக்டர் அம்மா அமைதியாகக் கேட்டார். பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? இல்லை. தாங்க முடியாத நாற்றமா? இல்லை. தலைசுற்றலா? இல்லை. மாத்திரை சாப்பிடுகிறாயா? ஆமாம். மாத்திரை உறையில் ஒட்டியிருந்த தாளை விரலால் தொட்டுக் காட்டினார். மலம் கறுப்பாகப் போகலாம் என்று எழுதியிருந்தது. தார் மாதிரி ஒட்டினால், தலை சுற்றினால் மட்டும் உடனே ஓடிவரச் சொன்னார். பிறகு, எதோடு விழுங்குகிறாய் என்று கேட்டார். சொன்னேன். முதல்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ, இரும்பை உடம்பில் ஏறவிடாதாம். லைம் ஏற்றிவிடுமாம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் தினமும் வேண்டாம், ஒன்று விட்டு ஒரு நாள் எடு, மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீயை மற என்றார். நான் பயந்த அந்தப் பரிசோதனையும் பிறகு நல்லபடியாகவே வந்தது. என் இரும்பை எடுத்தது நான்தான், வேறு திருடன் இல்லை.

அன்று வெளியே வந்தால் போனில் ஏழு தவறிய அழைப்பு. எல்லாம் கலா.

"அண்ணே! என்ன அண்ணே ஆச்சு? ஏன் இப்பிடிப் பேசுனே?"

"ஒண்ணுமில்ல புள்ள. மாத்திரை. அதனால கறுப்பாப் போயிருக்கு."

"எது?"

"அதுதான்."

கலா சிரித்தாள். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "கக்கூஸ்ல உக்காந்துக்கிட்டா நிலத்தை எழுதிக் குடுத்தே?" என்றாள். அப்புறம் அந்தச் சிரிப்பு எங்கேயோ மாறிவிட்டது. சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கும் அப்பிடித்தான் போச்சு அண்ணே. போன வருசம்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"இதைப் போய் யார்கிட்ட சொல்றது? சாவு வந்திருச்சுன்னு நெனச்சேன். மாத்திரையை நிறுத்தினேன், சரியாப் போச்சு. அதோட விட்டுட்டேன்."

நான் அந்தப் பயத்தோடு முக்கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. அதற்குள் ஒரு டாக்டர், ஒரு டாக்சி, ஒரு உயில். அவள் வாரக்கணக்கில் அதை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு ரவிக்கை தைத்திருக்கிறாள்.

"அப்ப நான் அனுப்புன மாத்திரை எல்லாம்?"

வீடியோவைப் போட்டு, போனைத் திருப்பினாள். கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம். அப்படி ஒரு மரத்தை நான் பார்த்ததில்லை. எண்ணெய் தேய்த்துவிட்ட மாதிரிக் கரும்பச்சை. "ஊறவச்சு ஊத்திருவேன். அண்ணன் ரத்தத்தைக் குடுத்து வாங்குனது, குப்பையில போட மனசு வரல." அங்குள்ள மருத்துவமனை கொடுத்த மாத்திரையும் அந்த மரத்துக்குத்தான் என்றாள். அப்போதுதான் மற்றதும் வந்தது. கர்ப்பப்பையில் கட்டி. அதனால்தான் இத்தனை உதிரப்போக்கு. ஆபரேஷன் செய்ய வேண்டும். ரத்த அளவு பத்துக்கு வராமல் கத்தி வைக்க மாட்டோம் என்று இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. இவளுக்கு ஏழரை. 'மாத்திரை ஒழுங்காப் போடுறியா?' என்று டாக்டர் கேட்டபோது, 'எல்லாமே' என்று சொல்லியிருக்கிறாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். நர்ஸ் முன்னால் நான் நின்ற கோலம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். "டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லு. ஒத்துக்கலைன்னு சொல்லு. நான் இனிமே மாத்திரை அனுப்ப மாட்டேன், எனக்கே பத்தல" என்றேன்.

சொன்னாள். அவர்கள் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள், கொஞ்சம் சாப்பிட்டபின் போடலாம், இவளுக்கும் ஒன்று விட்டு ஒரு நாள். என் ஒன்பதரை மணி அவளுக்கு ஏழு மணி. நான் காப்பிக்கடையில் லைமோடு, அவள் அடுப்படியில் இரண்டு இட்லிக்குப் பிறகு எலுமிச்சைத் தண்ணீரோடு. இருவரும் போனைப் பார்த்து விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஏமாற்றுகிற பரம்பரை என்பதால் இந்த ஏற்பாடு. பட்டறையின் புது எஞ்சினியர் மூன்று முறை இதைப் பார்த்துவிட்டு, "யுவர் டென்டிஸ்ட் இன் இந்தியா ஆ?" என்று மரியாதையோடு கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொன்னால் கிட்னி கதையாகும்.

இருந்தாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. நாக்குக்கு அடியில் ஒளிக்க அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதனால் கடைசியில் எப்போதும், "மரத்தைக் காட்டு" என்பேன். முதல் மாதம் முழுக்க மரம் கரும்பச்சையாகவே நின்றது. அப்படியானால் மாத்திரை இன்னும் அதற்குத்தான் போகிறது என்று எனக்குப் பட்டது. "ஏற்கெனவே தின்னது மண்ணுல இருக்கும்ல அண்ணே" என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. மல்லிகா, "தங்கச்சியை நம்பமாட்டீங்க, மரத்தை நம்புவீங்களா?" என்று கேட்டாள். நம்பினேன். மரம் என் ரத்தவழிச் சொந்தம் இல்லையே.

இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு காலை, போனைத் திருப்பியவள் தயங்கினாள். "கொழுந்தெல்லாம் வெளுக்குது அண்ணே. மஞ்சளா வருது. அதுக்கு ரத்த சோகை வந்திருச்சு." ஒரு செடி வாடுவதைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டவன் வேறு யாரும் இருக்க மாட்டான். கடை நடுவில் எழுந்து நின்று கை தட்டினேன். ஆன்ட்டி, கிட்னி கிடைத்துவிட்டது என்று நினைத்துத் தானும் தட்டினார்.

பத்து புள்ளி மூன்று வந்த வாரம் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அன்றைக்கு ஒரு பாட்டில் ரத்தம் தயாராக வைக்க வேண்டும் என்றார்கள். இத்தனை வருஷம் பை பையாகக் கொடுத்தவன், என் தங்கச்சிக்கு என்று கேட்டபோது கொடுக்க முடியாமல் கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யாரோ ஒரு கல்லூரிப் பெண் கொடுத்தாளாம். பெயர்கூடத் தெரியாது என்றார்கள். என் ரத்தமும் இப்படித்தானே இங்கே யாருக்குள்ளோ பெயர் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கி வழிகிறவருக்குள்ளாகக்கூட இருக்கலாம். அன்று ஒன்பதரைக்கு மாத்திரையை விழுங்கி, பழக்கத்தில் போனுக்கு நேராக வாயைத் திறந்தேன். கறுப்புத் திரையில் என் வாய்தான் தெரிந்தது. அன்று நான் பதறவில்லை. போனை மட்டும் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. நல்லபடியாக முடிந்தது.

இப்போது அவள் மூச்சு வாங்காமல் கொல்லைக்கு நடந்து போகிறாள். மரத்துக்குப் புளித்த மோர் ஊற்றுகிறாள், மாத்திரை இல்லை. டாக்டர்கள் எங்கள் இருவரையும் இன்னும் சில மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் லைம், மறுநாள் டீ. காப்பிக்கடை ஆன்ட்டிக்குத்தான் குழப்பம். பதினொரு வருஷம் தூணோரம் தலை தெரிந்ததுமே என் பெயரைக் கூவியவர், இப்போது என்னைப் பார்த்ததும் ஒரு கையில் டீப்பையும் மறு கையில் எலுமிச்சையுமாக நின்று கேட்கிறார்:

"டுடே யூ விச் ஒன், அங்கிள்?"

நானும் உடனே சொல்லிவிடுவதில்லை. நேற்று என்ன குடித்தேன் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் பையில் போன் அடிக்கத் தொடங்குகிறது. கலா. மாத்திரை நாள்தான். ஆன்ட்டி சிரித்தபடி டீப்பையைக் கீழே வைத்துவிட்டு எலுமிச்சையை அறுக்கிறார்.