பன்னிரண்டடி ஒழுங்கை

'பொறுமையும் நிதானமும் பக்கச்சார்பின்மையும் உடையவர்' என்று நீக்கிலாஸ் அண்ணையின் மத்தியஸ்த சபை நியமனக் கடிதம் சொல்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதை அவர் வாசித்துக் காட்டுவார். வாசிக்கிற சத்தத்தில் முற்றத்து ஆடுகள் ஒழுங்கைக்கு ஓடிவிடும். வாசித்து முடிந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, வருகிற சனிக்கிழமை விசாரணையில் எந்தப் பக்கம் கள்ளன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

நெடுந்தீவில் முப்பது வருடம் தபால் கொடுத்தவர். வயது அறுபத்திரண்டு. ஊரில் எந்த வளவு எங்கே முடிகிறது என்பது தனக்கு மட்டுமே தெரியும் என்பார். விசாரணைக்கு முன் சிலுவை போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாக, "ஆண்டவரே, என்ர வாயைக் கட்டும்" என்று மன்றாடுவார். ஆண்டவர் இதுவரை கட்டவில்லை.

மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார். அங்கே அவர் சொல்வது பெரும்பாலும் அயலவரின் பாவங்கள் என்கிறார் மனைவி ஜெனீற்றா அக்கா. "சுவாமியாருக்கு ஊர்ப் புதினம் வேற எப்பிடித் தெரியும்?"

அவருடைய வளவுக்குப் பின்னால் கம்சிகா இருக்கிறார். கணவர் இறந்தபின் இரண்டு பெண்பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் சீவியம். இந்த வருடம் வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்தது. கல்லும் மணலும் ஏற்றிய உழவு இயந்திரம் காணிவரை போகவேண்டும் என்பது நிபந்தனை. போகாவிட்டால் வீடு பட்டியலில் அடுத்தவருக்கு. கம்சிகாவுக்குப் பாதை ஒரேயொரு ஒழுங்கை. ஒரு பக்கம் நீக்கிலாஸ் அண்ணையின் கல்வேலி, மறுபக்கம் பிரான்சில் இருப்பவரின் வேலி. நடுவில் ஆறரை அடி. உழவு இயந்திரத்தின் பெட்டி முட்டும்.

கம்சிகா பிரான்சுக்காரர்மேல் சபைக்கு மனுக்கொடுத்தார். பிரான்சுக்காரருக்காக அவருடைய தம்பி சிவபாதம் வந்தார். பின்வரிசை வாங்கில் ஊராரோடு நானும் இருந்தேன்.

"ஊரில இல்லாத மனிசனுக்கு ஒழுங்கையை அமத்தி என்ன கண்டது? உம்மட அண்ணையைத் தள்ளிக் கட்டச் சொல்லும்!" என்று தொடங்கினார் நீக்கிலாஸ் அண்ணை.

"அண்ணை, காணி உறுதியைப் பாத்திட்டுக் கத்துங்கோவன்" என்றார் சிவபாதம்.

உறுதியில் ஒழுங்கை பன்னிரண்டடி. மத்தியஸ்தர் மூவரும் அளவு நாடாவோடு நேரே போய்ப் பார்த்தார்கள். பிரான்சுக்காரரின் வேலி, நில அளவையாளர் நட்ட எல்லைக்கல்லிலிருந்து ஒரு விரல்கூட அசையவில்லை.

"அப்ப மிச்ச ஐஞ்சரை அடி எங்க போனது?" என்று கத்தினார் நீக்கிலாஸ் அண்ணை.

மத்தியஸ்தர் மூவரில் ஒருவரான கோசலா ரீச்சர் ஒரு பனையின் உச்சியைக் கூர்ந்து பார்த்தார்.

"தெரியாது அண்ணை" என்றார் கம்சிகா, நிலத்தைப் பார்த்தபடி. அவருக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். தீர்ப்புச் சொல்கிறவரோடு வழக்காட ஏலாது என்பதால்தான் கடல்கடந்து இருப்பவர்மேல் மனுப்போனது.

நெடுந்தீவில் வேலி என்றால் சாந்து பூசாமல் அடுக்கிய முருகைக்கல். மாரியில் சரியும், கோடையில் அடுக்குவார்கள். நீக்கிலாஸ் அண்ணை கல் விழுந்த இடத்திலிருந்தே அடுக்குவார். இருபத்தைந்து மாரிகளில் வேலி ஒழுங்கைக்குள் இறங்கி நடந்திருந்தது. அவர் நாடாவை வாங்கித் தானே மறுபடி அளந்தார். பிறகு, பேசாமல் வீட்டுக்குப் போனார். அவர் பேசாமல் போனதால் சுகமில்லையாக்கும் என்று இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள்.

"ஊரார்ர எல்லையெல்லாம் பாடம். உங்கட வேலி ஒழுங்கைக்கை போனது மட்டும் தெரியேல்லையோ?" என்றார் ஜெனீற்றா அக்கா.

"விழுந்த இடத்தில கட்டினனான்."

"ஓம், விழேக்கை ஒரு கல்லும் உள்ளுக்கை விழேல்லை. பாவம், என்ன செய்யிறது!"

கோசலா ரீச்சர் வந்து, வேலியைத் தள்ளிக் கட்ட ஆறுமாதத் தவணை எழுதலாம், முறைப்படி சரிதான் என்றார். வீட்டுத்திட்ட உத்தியோகத்தர் பாதை பார்க்க வருவதற்கு ஒரு கிழமைதான் இருந்தது. "ஆறு மாதத்தில அந்தப் பிள்ளையின்ர வீட்டில வேற ஆரோ பால் காய்ச்சுவினம், ரீச்சர்" என்றார் நீக்கிலாஸ் அண்ணை.

அந்த மாதம் பாவசங்கீர்த்தனத்துக்கும் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "போய்ச் சொன்னா சுவாமியார் மன்னிப்பார். வேலி அங்கயே நிக்குமெல்லே?"

திங்கட்கிழமை உழவு இயந்திரம் இரண்டு பக்கமும் உரசாமல் கம்சிகாவின் காணிக்குள் போனது. உத்தியோகத்தர் படிவத்தில் கையெழுத்திட்டார். பெட்டியில் ஏறி வந்த பிள்ளைகள் இருவரும் அரிசி அளக்கும் தகரப்பேணியைக் கல்லில் தட்டிக்கொண்டு வந்தார்கள். கம்சிகா பின்னால் நடந்துவந்தார். கண்ணைத் துடைத்தாரா, தூசியைத் துடைத்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. நீக்கிலாஸ் அண்ணை தன் படலை வாசலில் நின்று, ஓட்டுநருக்கு ஓட்டத் தெரியாது என்று கத்திக்கொண்டிருந்தார். பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தது.

அதற்கு முந்திய புதனிலிருந்து சனிவரை, ஒருவரையும் உதவிக்குக் கூப்பிடாமல், அவர் வேலியை ஒட்டியிருந்த தன் ஆட்டுக்கொட்டிலைப் பிரித்து, நாற்பதடி வேலியைக் கல்லுக் கல்லாகக் கழற்றி, ஐந்தரை அடி தன் வளவுக்குள்ளே அடுக்கினார்.