கெல்லருக்குள் வந்த சதுப்பு நிலம்

என் ஆராய்ச்சி என்னவென்று இந்த ஊரில் யாரும் அக்கறையாகக் கேட்டதில்லை. போன சனிக்கிழமை ஒருவர் கேட்டார் — கெல்லரில், அதாவது வீட்டு நிலவறையில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு.

யோகன் அண்ணா. யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்குப் புலம்பெயர்ந்து வந்தவர். சோலோதுர்ன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. காலமெல்லாம் ஓர்லிகோனில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, போன வருஷம்தான் இந்த ஊருக்கு வெளியே, வயல்வெளி ஓரமாக ஒரு பழைய வீடு வாங்கினார். பால் காய்ச்சியபோது நானும் போயிருந்தேன்.

மழை விட்ட பிறகும் கெல்லரில் தண்ணீர் ஊறுகிறது. பிளம்பர் வந்து பார்த்தார். வீட்டுக் குழாயில் ஒரு கசிவும் இல்லை.

"தங்கச்சி, நீங்கள் பழைய மாப், வரைபடம் எல்லாம் பாக்கிறனீங்கள்தானே? எங்கட வீடு முந்தி என்னவா இருந்தது எண்டு பாத்துச் சொல்லுவீங்களோ?"

பார்ப்பதுதான் என் பிழைப்பே. இந்தப் பக்கத்து ஈரநிலங்களுக்கு என்ன ஆனது என்று தேடுகிறேன். நாணலும் தவளையுமாகக் கிடந்த நிலம். மண்ணுக்கடியில் குழாய் பதித்து, தண்ணீரை ஆற்றுக்கு வடித்து, வயலாக்கினார்கள். பிறகு வயலில் வீடு வந்தது. நாள் முழுக்க இதையே படித்தால் கண் மட்டுமா களைக்கும்? யாருக்காகப் படிக்கிறோம் என்ற அலுப்பு வேறு...

மேலே ஏறி வந்து, சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்தேன். திறக்கும் முன்பே பதில் தெரியும். "நெட் ஸ்லோவா இருக்கு" என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் சொல்ல முடியும்? பழைய வரைபடம் திரையில் விரிந்தது.

"இந்த நீலக் கோடெல்லாம் என்ன?"

"சதுப்பு நிலம் அண்ணா."

"எங்கட வீடு?"

கோடுகளுக்கு நடுவில் விரலை வைத்தேன்.

தேத்தண்ணியோடு வந்த அவர் மனைவி சாந்தி அக்கா அப்படியே நின்றார். "நான் அப்பவே சொன்னனான். வித்துப்போட்டு ஓர்லிகோனுக்கே போவம்."

"இன்னும் எத்தினை தரம் வெளிக்கிடுறது, சாந்தி?" அண்ணா குரலை உயர்த்தாமல் கேட்டார். அக்கா தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பக்கத்து வயலில், மண்ணுக்கடியில் பழைய வடிகால் குழாய் எங்கோ உடைந்திருக்கலாம் என்றேன். திங்கட்கிழமை வரைபடத்தை எடுத்துக்கொண்டு அண்ணாவும் நானும் கெமைண்டே என்கிற ஊராட்சி அலுவலகத்துக்குப் போனோம். மரியாதையாகக் கேட்டார்கள். தோண்டிப் பார்ப்பார்களாம் — அறுவடை முடிந்து, இலையுதிர் காலத்தில். அதுவரை? பம்ப் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

நேற்று போனேன். கெல்லரில் இருந்த அரிசி மூட்டையெல்லாம் வரவேற்பறைக்கு ஏறிவிட்டது. அண்ணா கெல்லர் படியில் உட்கார்ந்திருந்தார்.

"கோபமே வரலையா அண்ணா?"

"ஆரோட கோவிக்கிறது? இந்தத் தண்ணி தன்ர பழைய இடத்துக்குத் திரும்பி வருது. எங்களை மாதிரி இஞ்ச இருக்கப் பெர்மிட்டும் கேக்கத் தேவையில்லை..."

சொல்லிவிட்டு எழுந்து, பம்ப்பைப் போட்டார்.